நடந்ததை நடித்துக் காட்டு

குப்பைமேட்டில் கிளறிக்கொண்டிருந்த கோழியின் மூன்று குஞ்சுகளில் ஒன்றைப் பருந்து தூக்கிப் போனது. கோழி அழுதுகொண்டே ஓடி, பஞ்சாயத்துத் தலைவரான வான்கோழியிடம் முறையிட்டது. பனைமரத்தடியில் பஞ்சாயத்து கூடியது.

“நான் அந்தப் பக்கமே போகலை,” என்றது பருந்து, பனைமர உச்சியில் அலகைத் துடைத்தபடி.

“நடந்ததை அப்படியே நடிச்சுக் காட்டும்மா,” என்றது வான்கோழி.

கோழி நடித்தது. இறக்கையை விரித்து ஓடியது, வானத்தைப் பார்த்துக் கத்தியது, மண்ணில் புரண்டது. தாமதமாக வந்தவர்களுக்காக மறுபடியும் நடிக்கச் சொன்னார்கள். நடித்தது.

“பெத்தவ இப்படியா கத்துவா? தொண்டையைத் திறந்து கத்து,” என்று வான்கோழி சலித்துக்கொண்டது. “குஞ்சு இல்லாம ஒண்ணும் புரியலை. மிச்சம் இருக்கிறதுல ஒண்ணை நடுவுல நிறுத்து. பருந்தார் சும்மா தாழப் பறந்து காட்டுவார்.”

கோழி மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

“என் பிள்ளை ஒருத்தன் நடிச்சு முடிச்சுட்டான். இப்ப உங்க மகனை நிறுத்துங்க ஐயா!”

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வான்கோழிக் குஞ்சு, வேடிக்கை என்று நினைத்துக் குதித்து நடுவில் வந்து நின்றது. பனைமரத்தில் பருந்து இறக்கையை விரித்தது.

வான்கோழி அலறியடித்து ஓடி, மகனைத் தன் வயிற்றுக்கடியில் அமுக்கிக்கொண்டது.

“விடுங்க ஐயா, நிக்கட்டும்,” என்றது கோழி. “பருந்தார்தான் குஞ்சைத் தூக்கவே மாட்டாரே!”