வெள்ளத்துக்கு விட்ட இடம்

தை மாதத்திலும் அணை தளும்பிக்கொண்டிருந்தது. மலையில் திடீரென்று கொட்டிய மழையைக் கணக்குப் போட்ட பொறியாளர் யசோதரா, மறுநாள் பெருவெள்ளம் வரும், அதற்கு இடம் விட இப்போதே மதகைத் திறக்க வேண்டும் என்றாள். கோடை முழுக்க நகரம் குடிக்க வேண்டிய தண்ணீர் அது. வெள்ளம் வராவிட்டால் போனது போனதுதான். "உன் பொறுப்பு" என்று மேலதிகாரி ஒதுங்கிக்கொண்டார்.

மதகைத் திறக்குமுன், அணைக்குக் கீழே ஆற்றுமணலில் தர்பூசணி போட்டிருந்தவர்களைக் கரையேற்ற அவளே போனாள். வானம் வெளுத்துக் கிடந்தது. "ஒரு பொட்டு மழையில்ல. எங்க வயித்துல அடிக்கிறீங்களே, நல்லாயிருப்பீங்களா?" என்று காசியம்மாள் என்பவள் மண்ணை வாரித் தூற்றிவிட்டு, பழுக்காத காய்களைப் பறித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்த வெள்ளத்தை அணை வாங்கி வைத்துக்கொண்டது. கரையோரத்தில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகவில்லை.

ஆறு வடிந்ததும் காசியம்மாள் அணை அலுவலகத்துக்கு ஒரு தர்பூசணியோடு வந்து, தானே அரிந்து கொடுத்தாள். உள்ளே வெளிறிக் கிடந்தது; இனிப்பே இல்லை. யசோதரா ஆசையாகத் தின்றாள்.

"வரும்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாம்மா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "இல்லக்கா. கணக்கு அப்படிச் சொல்லுச்சு. வரலன்னா என்ன பண்றதுன்னு தூக்கமே இல்ல."

காசியம்மாள் இன்னொரு துண்டை அவள் கையில் வைத்தாள்.

"ஆத்தோரம் எங்க தெருவுல பச்சப்புள்ளைங்க கெடக்குதும்மா. அடுத்த தடவையும் வந்து சொல்லுங்க. வராமப் போனாலும் பரவால்ல. நாங்க திட்டத்தான் செய்வோம். ஆனா கரையேறிருவோம்."