லாரிக்கு வந்த காலிங்பெல் சுவிட்ச்

ஒரு பெரிய வீட்டு வாசலில் இருந்த காலிங்பெல் சுவிட்ச், இப்போது பழைய டீசல் லாரி ஒன்றின் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்தது. இன்ஜின் ஹீட்டர்களைத் தானாகப் போடும் பெட்டி பழுதானதால், டிரைவர் லூர்து அதை மாட்டியிருந்தார். சுவிட்சுக்கு இதுவும் ஒரு வீடுதான்.

முதல் நாள் காலை நல்ல குளிர். லூர்து கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுக்கவே இல்லை.

சுவிட்சுக்கு மானம் போயிற்று. "ஒரு தடவை அடிச்சா போதாதா? உள்ள இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க!" என்று முனகி, டக்கென்று தொடர்பை விட்டுவிட்டது. லூர்து சாவியைத் திருப்பினார். லாரி இருமி, வெள்ளைப் புகையைக் கக்கி, அடங்கிவிட்டது.

"அண்ணே, வீட்டுல ஆளே இல்லபோல," என்று லாரியின் பேட்டரியிடம் சொன்னது சுவிட்ச்.

"இருக்காங்கப்பா," என்றது பேட்டரி, மூச்சு வாங்கியபடி. "நாலு ஹீட்டரும் விறைச்சுப்போய்க் கிடக்கு. அதுங்க சிவக்கச் சூடானாத்தான் டீசல் பத்தும். எனக்கு இன்னும் ஒரு தடவைக்குத்தான் தெம்பு இருக்கு. வெக்கப்படாம விடாம நில்லு."

மறுபடி விரல் வந்தது. சுவிட்ச் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. சாவி திரும்பியதும் உள்ளே எல்லோரும் ஒன்றாக எழுந்து சத்தம் போட்டார்கள்.

மணியடித்ததும் கதவு திறப்பதை சுவிட்ச் நிறையப் பார்த்திருக்கிறது. வீடே கிளம்பி ரோட்டில் போவதை இன்றைக்குத்தான் பார்த்தது.