சிரம்பானுக்குப் போகும் லோரி

லோரிக்காரன் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான். பிறகு வண்டியின் பின்பக்கத்தைக் காட்டி, "நாயிக்" என்றான். இரண்டு பேரையும் ஏறச் சொன்னான்.

வீரமுத்து அசையவில்லை.

அவன் தோளில் சாய்ந்திருந்த மனைவி பஞ்சாலைக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. கோணிச் சாக்கைப் போர்த்தியிருந்தும் பல் கிடுகிடுத்தது. மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பாள், இங்கேயே கிடந்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் கைவிரித்துவிட்டார்.

கோலா பிலா பக்கத்துத் தோட்டம் அது. ரப்பர் பால் வெட்டும் கித்தா மரங்களை வேரோடு சாய்த்துவிட்டு, ஜப்பான்காரன் அங்கே விமானம் இறங்குவதற்குத் திடல் போட்டுக்கொண்டிருந்தான். வீரமுத்து மண் வெட்டினான். பஞ்சாலை காய்ச்சலில் விழும்வரை கல் சுமந்தாள்.

திடலிலிருந்து சிரம்பானுக்குப் போக இரண்டே வழிதான். எண்ணெய்ப் பீப்பாய்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் ஜப்பான் பட்டாளத்து லோரி. அது வேண்டாமென்றால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப் போகும் சன்னாசியின் மாட்டுவண்டி.

லோரி உச்சி வெயிலுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். மாட்டுவண்டி மலைப்பாதையில் ஏறி இறங்கிப் போய்ச் சேர மறுநாள் ஆகும். அதுவரை பஞ்சாலை தாங்கமாட்டாள்.

அது வீரமுத்துவுக்குத் தெரியும்.

ஆனால் இந்த மாதிரி லோரியில்தான் அவன் கூட்டாளி அமிர்தலிங்கத்தையும் ஏற்றினார்கள். அரிசி கொடுக்கப்போகிறோம் என்று கோயிலடிக்குக் கூப்பிட்டு, வந்து நின்ற ஆண்களையெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு போனார்கள். சயாமில் ரயில் பாதை போட. போனவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை.

லோரிக்காரன் மறுபடியும் இரண்டு விரலைக் காட்டினான். சின்ன வயதுதான். சிரித்தான்.

வீரமுத்து பஞ்சாலையின் பக்கம் திரும்பினான்.

"பொம்பளைய மட்டுந்தான் ஏத்துவானாம், புள்ள. நீ ஏறிக்க. நான் மாட்டுவண்டியில பின்னாலயே வந்துர்றேன்."

பஞ்சாலை லோரிக்காரனின் விரல்களைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.



எழுந்து நிற்க முடியாத ஒருத்தியைத் தனியாகப் பட்டாளத்தான் கையில் ஒப்படைக்கிறோம் என்பது வீரமுத்துவுக்கு உறைத்தது. உறைத்துக்கொண்டே இருக்கும்போதுதான் அவன் கைகள் அவளைத் தூக்கி வெறும் பலகையில் கிடத்தின.

லோரி கிளம்பியது. பட்டாள வண்டிக்குச் செய்யவேண்டிய முறைப்படி அவன் இடுப்பை வளைத்துக் குனிந்தான். வண்டி செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு வளைவில் மறைந்தது. அதன் பிறகும் நெடுநேரம் அவன் நிமிரவில்லை.

பிற்பகலில் புக்கிட் புத்துஸ் மலையேற்றத்தில் மாடுகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. எதிரே அதே லோரி வந்தது.

வீரமுத்து கிழங்குச் சாக்குகளுக்கு நடுவே சுருண்டுகொண்டான்.

லோரி நின்றது. லோரிக்காரன் இறங்கி வந்து, சாக்கை விலக்கி, அவனைக் கண்டுபிடித்தான். இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்து, தூங்குவதுபோல் தலையைச் சாய்த்துக் காட்டினான். சிரம்பான் பக்கம் கையை நீட்டினான். "பாயிக், பாயிக்" என்றான். நன்றாக இருக்கிறாள்.

லோரி போனதும் சன்னாசி திரும்பிப் பார்த்தார்.

"நல்ல மனுசனாத்தான் இருக்கான். நீயும் கூடவே போயிருக்கலாமேடா?"

"எடம் இல்ல, மாமா."

காலையில் வெறும் லோரி போனதைச் சன்னாசியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மாட்டைத் தட்டினார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியை விட்டு இறங்கினான் வீரமுத்து. பெண்கள் வார்டின் கதவருகே போய் நின்றான்.

பஞ்சாலை கண்மூடிப் படுத்திருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்த கட்டிலில் இருந்த தெமியாங் ஊரைச் சேர்ந்த ஜுபைதா என்ற மாது, அவளுக்குப் புகட்டுவதற்காகக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

கதவருகே நின்றவனை ஜுபைதா கையசைத்துக் கூப்பிட்டாள்.

"இந்தப் புள்ளையத் தெரியுமா உங்களுக்கு? பாவம் லா, ஒத்தையா லோரியில வந்து எறங்குச்சு. மாப்புளையச் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்களாம். அவர் இருந்திருந்தா என்னைத் தனியா விட்டிருப்பாரான்னு சொல்லிச் சொல்லி அழுவுது."

வீரமுத்துவின் கண்கள் தரையை விட்டு எழவில்லை.

"ஆமா, நீங்க யாரு?"

அவன் நிமிர்ந்தான். பஞ்சாலை கண்ணைத் திறந்திருந்தாள். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழிநெடுக அவளிடம் சொல்வதற்காக அவன் எவ்வளவோ சேர்த்துவைத்திருந்தான். நான்தான் அந்தப் புருஷன் என்று இப்போது சொன்னால் போதும்.

"அதே தோட்டந்தாங்க," என்றான். "பக்கத்து லயத்து வீடு."

பஞ்சாலை கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். நழுவிக் கிடந்த முந்தானையை எடுத்து, வேற்று ஆண் வந்தால் செய்வதுபோல் தோளைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டாள்.

"வாங்கண்ணே," என்றாள்.