ஏறிய நேரம்

தொட்டிக்குள் ஆள் இறங்கும்முன் காற்றை அளப்பவள் மூடியக்கா. நாள் முழுக்கத் தொட்டி மூடியருகே நிற்பதால் அந்தப் பட்டப்பெயர். போன வருஷம் அவள் கணவர் இதே தொட்டிக்குள் மூச்சுத்திணறி இறந்தார். அவருக்குப் பதிலாகக் கிடைத்த வேலை இது.

ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது சதவீதம் இருக்க வேண்டும். பத்து நாளாக, இரவெல்லாம் பூட்டிக் கிடந்த காலித் தொட்டியில் காலையில் இருபதுதான் இருந்தது. மேஸ்திரி மீட்டரை மாற்றினார். எண் மாறவில்லை.

"துரு காத்தைத் தின்னும்மா," என்றார்.

"இது சிமெண்ட் தொட்டிண்ணே."

"எலி கிலி கெடக்கும்."

"எலிக்கு இவ்வளவு மூச்சு வேணாம்ணே. இது ஓராள் மூச்சு."

அன்று மாலை இறங்கிய மூவரும் ஏறி வந்தார்கள். மூடியைப் பூட்டியவள், குழாய் வழியே காற்றடிக்கும் ஃபேனை மட்டும் நிறுத்தாமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை மீட்டர் இருபது புள்ளி ஒன்பது காட்டியது.

"காலித் தொட்டிக்கு ராத்திரி பூரா எதுக்கும்மா ஃபேன்?"

"எல்லாரும் ஏறினப்புறம்தானே நிறுத்தணும்? நீங்க சொன்ன சட்டம்தாண்ணே."

பதிவேட்டில் போன வருஷத்துப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினாள். அவள் கணவர் இறங்கிய நேரம் அதில் இருந்தது. ஏறிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.