செப்புப் பட்டை

நோரீன் வீட்டுச் சமையலறையில் புது மின் அடுப்பை மாட்டிக்கொண்டிருந்தான் வெர்லின்.

“ஏம்பா, இதுக்கு இவ்வளவு நேரமா? பழைய அடுப்பை மாட்டின ஆளு பத்தே நிமிஷத்துல கிளம்பிட்டான்.”

“இந்தச் செப்புப் பட்டையை முடுக்கணும் மேடம். உங்க வீட்டுல மூணு கம்பி ஒயருதான், எர்த்துக்குன்னு தனிக் கம்பி இல்ல. இந்தப் பட்டை இல்லாம கரண்ட் கசிஞ்சா, அடுப்பைத் தொட்டவங்க காலி.”

“அவன் இதை மாட்டவே இல்லையே.”

“எந்த மடையன் மேடம் அவன்?”

“நீதாம்பா. ரசீதுல உன் பேரு இருந்துச்சு. அடுத்த வாரமே அந்த அடுப்புல ஷாக் அடிச்சு என் வீட்டுக்காரரு போய்ட்டாரு. அதான் கம்பெனியில கேட்டு உன்னையே வரவழைச்சேன்.”

வெர்லினின் கையிலிருந்து திருப்புளி நழுவியது.

“ஒரு கையை அடுப்புல வை. இன்னொரு கையால தண்ணிக் குழாயைப் பிடி. அவரு அப்படித்தான் நின்னாரு. நான் போய் மெயினைப் போடுறேன்.”

வெர்லின் திருப்புளியை எடுத்துப் பட்டையை இறுக முடுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் வைத்தான்.