மூச்சுக்கணக்கு

மனிதரின் மூச்சு கல்லை அரிக்கிறது என்பதால், அந்த ஜெர்மன் நகரத்துப் பழைய பேராலயத்துக்குள் ஒருவர் தன் வாழ்நாளில் ஒருமுறைதான் போகலாம். ஜெசிந்தா தன் முறையை எப்போதோ முடித்துவிட்டாள். அன்று கைக்குழந்தையாக இருந்த மகன் டிலக்சனைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அவன் உள்ளே நித்திரையாகவே இருந்தான். ஆனாலும் அது அவனுடைய முறையாகவும் கணக்காகிவிட்டது.

வளர்ந்தபின் அந்தக் கோபுரங்களைக் கடக்கும்போதெல்லாம் நின்று அண்ணாந்து பார்ப்பான். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோதுகூட, "இன்னொருக்கா உள்ளுக்குப் போகேலாதா அம்மா?" என்று கேட்டான்.

அடக்கத்தன்று அவனுடைய பெட்டியை ஆலய வாசலில் இறக்கினார்கள். காவல் பெண் ஜெசிந்தாவின் கைரேகையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"மன்னியுங்கள், உங்களை விட முடியாது. மகன் போகலாம். மூச்சு விடாதவர்களுக்குத் தடையில்லை."

கணவர் அமலதாஸ் அதுவரை உள்ளே போனதே இல்லை. "நானும் உன்னோட வெளியிலயே நிக்கிறன்" என்றார்.

"வேண்டாமப்பா. பிள்ளை தனியப் போகக்கூடாது. நீங்கள் போங்கோ."

கதவு மூடியது. திருப்பலி முடியும்வரை ஜெசிந்தா மழையில் நின்றாள். பாட்டுச் சத்தம்கூட வெளியே வரவில்லை.

அமலதாஸ் வெளியே வந்ததும், "உள்ளுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

"ஒண்டும் பாக்கேல்லை, ஜெசி. அவன்ர பெட்டியைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

அவருடைய கோட்டில் சாம்பிராணி வாசம் இருந்தது. ஜெசிந்தா அதில் முகத்தைப் புதைத்து, மெல்ல மூச்சை இழுத்தாள்.