ஒரே மைக்

ஏழாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். பங்குனியில் கோயில் கொடைத் திருவிழாவில் அவன் தவிலடித்த கூலி.

மேளசெட்டு நடத்தும் முப்பிடாதி அதை வாங்கித் தின்றுவிட்டான்.

ஏழு மாதமாக அவன் தவிலைத் தொடாமல் சிமென்ட் மூட்டை தூக்குகிறான். முப்பிடாதி முகத்தில் முழிப்பதில்லை. இன்று அவனோடு ஸ்டூடியோவுக்கு வந்தது பம்பாய்க் கோயில் கொடைக்காக. வாசித்துப் பதிவு பண்ணி அனுப்பினால், கேட்டுவிட்டு அட்வான்ஸ் தருவார்களாம். பத்து நாள் வேலை.

ஸ்டூடியோவில் முகம் பார்க்கத் தேவையே இல்லை. அது அவனுக்குத் தோதாக இருந்தது.

முதலில் முப்பிடாதி தனியாக நாதஸ்வரம் ஊதிவிட்டுப் போனான். பிறகு அவன் போய், ஹெட்போனில் அதைக் கேட்டபடி அடித்தான்.

முடிக்கிற அடி மட்டும் மூன்று தடவையும் பிந்தியது.

முடிப்பதற்கு முன் முப்பிடாதி நாதஸ்வரக் குழலை ஒரு சாண் தூக்குவான்; அதுதான் அவனுக்குச் சைகை.

ஹெட்போனில் அது கேட்காது.

“மிக்ஸிங்ல இழுத்து ஒட்டிருவேன்,” என்றார் ஸ்டூடியோக்காரர் ஜெபசிங்.

ஒட்டிப் போட்டுக் காட்டினார். அடி சரியான இடத்தில்தான் விழுந்தது.

“கல்யாண வீட்டுக் குழலும் எழவு வீட்டுத் தவிலும் ஒரே தெருவுல கேக்க மாரி இருக்கு,” என்றான் முப்பிடாதி.

ஜெபசிங் எல்லாவற்றையும் அழித்தார். நடுவில் ஒரே மைக்கை வைத்தார்.

“இனி நான் கூட்டிக் குறைக்க ஒண்ணும் கெடையாது. தள்ளி இருந்தா சத்தம் கம்மி. அவ்வளவுதான்.”

இருவரும் சேர்ந்து வாசித்ததும் தவில் குழலை விழுங்கியது. முப்பிடாதி மைக்கை முட்டிக்கொண்டுதான் நின்றான். இனி முன்னால் வர இடமில்லை.

கூலியும் போய், பின்னாலும் போக வேண்டுமா? அவன் தவிலின் வாரை இழுத்து இறுக்கினான்.

பிறகு அவனே சமுக்காளத்தை இழுத்துக்கொண்டு எட்டடி பின்னால் போய் உட்கார்ந்தான்.

அங்கிருந்து முப்பிடாதி முழுதாகத் தெரிந்தான்.

இளைத்திருந்தான். ஊதும்போதுகூடக் கன்னம் உப்பவில்லை.

குழல் ஒரு சாண் உயர்ந்தது.

அடி விழுந்தது.

சத்தம் அடங்குமுன் தவிலடித்தவன் வாய் திறந்துவிட்டது.

“அந்தப் பணத்த விட்ருங்க மச்சான்.”

ஜெபசிங் தலையில் கைவைத்தார். “பேச்சும் விழுந்திருச்சே! தனித்தனி மைக்குன்னா எடுத்திருப்பேன். இதுல வெட்டுனா கடைசி அடியும் சேந்து போயிரும். இன்னொருக்கா வாசிங்க.”

முப்பிடாதி குழலில் வாய்வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றிவிட்டிருந்தான். வேட்டி நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“கெடக்கட்டும் அண்ணாச்சி. அப்படியே அனுப்புங்க.”

இப்போது முகம் பார்க்காதது முப்பிடாதிதான்.